நிறுத்தி வைக்கும் பொத்தான்

எல்டன் ரிங் என்ற கணினி விளையாட்டு 2022 பிப்ரவரி 25ஆம் தேதி வெளிவந்தது. அன்று இரவே அதை வாங்கிக் கணினியில் இறக்கிவிட்டேன். அதில் கோட்டைக்குப் போகும் வழியை மறித்து நிற்கும் மார்கிட் என்னும் எதிரியை இன்றுவரை நான் வீழ்த்தவில்லை. அவனோடு மோதிய முதல் வாரத்தில் ஒவ்வொரு இரவும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் முடிந்தது. அவனுடைய உயிர்க்கோடு பாதிக்குக் கீழே இறங்கும். அடுத்த அறையில் தொட்டில் கம்பி கிரீச்சிடும். ஏழு மாத மகள் சிணுங்கத் தொடங்குவாள். நான் கன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போவேன். திரும்பி வரும்போது என் வீரன் இறந்து, பழைய இடத்தில் மறுபடி உயிர்பெற்று நின்றுகொண்டிருப்பான். அந்த விளையாட்டில் நிறுத்தி வைக்கும் பொத்தான் கிடையாது. பையைத் திறந்து மருந்தைத் தேடும் நேரத்திலும் எதிரி நம்மை நோக்கி வந்துகொண்டே இருப்பான். அதை உருவாக்கியவர்கள் தெரிந்தே எடுத்த முடிவு அது. அந்தப் பதற்றத்தில்தான் அதன் அழகே இருக்கிறது. என் 25 வயதில் வந்திருந்தால் அதை மூன்று முறையாவது முடித்திருப்பேன்.

வயது ஏற ஏற ரசனை முதிர்ந்துவிடும், சுட்டுத்தள்ளும் விளையாட்டிலிருந்து எல்லாரும் அமைதியான விளையாட்டுக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள் என்று நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முதிர்ச்சி என்று சொல்லிவிட்டால், 19 வயதில் நான் விளையாடியதெல்லாம் ஏதோ பக்குவப்படாத வேலை என்றாகிவிடும். அப்போது விளையாடியவற்றை நான் இன்றும் மதிக்கிறேன். என் விருப்பம் மாறிய இடங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தால், அங்கெல்லாம் ஒரு வீடு மாறியிருக்கிறது, அல்லது வேலை நேரம் மாறியிருக்கிறது, அல்லது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆள் மாறியிருக்கிறார்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு டிவி கேம் வந்தது 1994 கோடை விடுமுறையில். எனக்கு எட்டு வயது, அண்ணனுக்குப் பதினொன்று. மஞ்சள் நிறக் கேசட்டின் மேல் பல லட்சம் விளையாட்டுகள் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே பெயர் மாற்றி மாற்றித் திரும்ப வருவது பத்துப் பன்னிரண்டுதான். அவற்றில் எங்களுக்கு ஒன்றே போதுமாக இருந்தது, கான்ட்ரா. மொத்தம் எட்டுக் கட்டங்கள். சேவ் செய்யும் வசதி கிடையாது. மின்சாரம் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதைப் பற்றி நாங்கள் குறைபட்டுக்கொண்டதாகவே நினைவில்லை, ஏனென்றால் மே மாதம் முழுவதும் எங்களுக்கு வேறு வேலை இல்லை. மூன்றாம் கட்டமான அருவியில் பாறை பாறையாகத் தாவி மேலே ஏற வேண்டும். இருவரில் ஒருவர் வேகமாக ஏறிவிட்டால் திரையும் மேலே நகர்ந்துவிடும். கீழே நிற்பவர் திரைக்கு வெளியே விழுந்து ஓர் உயிரை இழப்பார். அண்ணன் ஏறிக்கொண்டே இருப்பான், நான் விழுந்துகொண்டே இருப்பேன். ஒரு நாள் அவன் பாறையில் நின்று, நான் வந்து சேரும்வரை காத்திருந்தான். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் கான்ட்ரா இன்னமும் எனக்குப் பிடித்த விளையாட்டு. அப்பாவுக்கு அதெல்லாம் பிடிக்காது. கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை, சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு கோட்டை என்ற அளவு நெல்லை விதைக்கக்கூடிய வயல், இரண்டுக்கும் நடுவில் வீட்டுக்கு வரும்போது நாங்கள் திரை முன்னால் உட்கார்ந்திருந்தால் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி அலமாரிக்கு மேலே வைத்துவிடுவார்.

2003இல் கோவையில் பொறியியல் கல்லூரிக்குப் போனேன். உடன் படித்த பையன்கள் இரவு முழுக்கப் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து கவுன்டர்-ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கி விளையாட்டை ஆடுவார்கள். பெண்கள் விடுதியில் மாலை ஏழு மணிக்குக் கதவைப் பூட்டிவிடுவார்கள். அந்தப் பூட்டு என் ரசனையில் எவ்வளவு பங்கு வகித்தது என்பது பல ஆண்டுகள் கழித்துதான் எனக்கு விளங்கியது. ஒரே தளத்தில் கணினி வைத்திருந்த நான்கு பேர் பணம் போட்டு, கணினிகளை இணைக்கும் ஹப் ஒன்றை வாங்கினோம். அறைக்கு அறை கதவிடுக்கு வழியாக ஒயரை இழுத்தோம். விடுதித் தோழிகளில் துப்பாக்கி விளையாட்டில் விருப்பம் உள்ளவர்கள் இரண்டே பேர் என்பதால், நால்வருக்கும் பொதுவாக அமைந்தது ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. ஓர் ஆட்டம் முடிய இரண்டு மணி நேரம் பிடிக்கும். முதல் இருபது நிமிடம் யாரும் யாரையும் தாக்கக் கூடாது என்று எழுதப்படாத ஒப்பந்தம் ஒன்று இருந்தது. ஆட்டுக்குட்டியைத் தேடி, மரம் வெட்டி, வயல் போட்டு, சுவர் எழுப்பி முடித்த பிறகுதான் சண்டை. நான் ஒருமுறை பதினெட்டாவது நிமிடத்தில் குதிரைப்படையை அனுப்பிவிட்டேன். அடுத்த அறையிலிருந்து வந்த அலறலில் வார்டன் படியேறி வந்துவிட்டார்.

அந்த வயதில் வெல்வது எனக்கு மிகவும் முக்கியமாக இருந்தது. வெல்ல வேண்டிய ஆள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாள். மறுநாள் காலை உணவுக் கூடத்தில் அவள் முகத்தைப் பார்ப்பேன். விளையாட்டுக்காரர்களின் விருப்பங்களைத் தொடர்ந்து ஆராய்ந்துவரும் குவான்டிக் ஃபவுண்ட்ரி என்ற அமெரிக்க நிறுவனம், வயது கூடும்போது மிக வேகமாகக் குறைவது போட்டியில் உள்ள நாட்டம்தான் என்றும், திட்டமிட்டு ஆடும் நாட்டம் அந்த அளவுக்குக் குறைவதில்லை என்றும் கண்டிருக்கிறது. வயது கையின் வேகத்தைத் தொடுவதும் உண்மைதான். ஸ்டார்கிராஃப்ட் 2 என்ற கணினிப் போர் விளையாட்டை ஆடும் 16 முதல் 44 வயது வரையிலான 3,305 பேரின் ஆட்டப் பதிவுகளை வைத்து 2014இல் கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சூழல் மாறியதும் அடுத்த அசைவைத் தொடங்க ஆகும் நேரம் 24 வயதிலிருந்தே நீளத் தொடங்கிவிடுகிறது என்று அது சொன்னது. வயதில் மூத்தவர்கள் குறுக்குவழிகளை நன்றாகப் பழகிக்கொண்டு அந்த இழப்பை ஓரளவு ஈடுகட்டுகிறார்கள் என்பதும் அதில் இருந்தது. 33 வயதில் அலுவலகத்து இளைஞர்களோடு கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆட உட்கார்ந்தபோது, மூலை திரும்புவதற்குள் நான் செத்து விழுவதை இந்த ஆய்வு விளக்கும். தோற்றபோது எனக்கு வலிக்கவே இல்லை என்பதை அது விளக்காது. எதிரே ஆடியவர்கள் நல்ல பிள்ளைகள்தான். ஆனால் மறுநாள் காலை அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சென்னையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு வேளச்சேரியில் மூன்று பெண்களோடு ஒரு வீட்டைப் பகிர்ந்துகொண்டேன். ரிச்சி தெருவில் பழைய பிளேஸ்டேஷன் 3 ஒன்றை வாங்கினேன். புது டிஸ்க் ஒன்று இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் குறையாது. ஊருக்குப் பணம் அனுப்பி, வாடகை கொடுத்து, மீதியில் வாங்கும் ஒரு டிஸ்க் குறைந்தது மூன்று மாதம் தாங்க வேண்டும் என்பது என் கணக்கு. 2011 நவம்பரில் வந்த ஸ்கைரிம் ஓராண்டு தாங்கியது. திரையில் தெரியும் மலையை நோக்கி நடந்தால் அதன் உச்சிக்கே போய்விடலாம் என்பது அன்று எனக்குப் பெரிய அதிசயம். எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று யாருக்கும் பதில் சொல்லாமல் திசை பார்த்து நடக்கும் அனுபவம் அதற்கு முன் எனக்கு விளையாட்டிலும் கிடைத்ததில்லை, வெளியிலும் கிடைத்ததில்லை. சனிக்கிழமை காலை தொடங்கினால் ஞாயிறு இரவுதான் எழுந்திருப்பேன். இன்று ஒரு விளையாட்டு 100 மணி நேரம் நீளும் என்று விளம்பரம் வந்தால் என் கை பின்வாங்குகிறது. அன்று அந்த எண்ணைப் பார்த்துதான் வாங்கினேன்.

2013இல் தி லாஸ்ட் ஆஃப் அஸ் வந்ததும் வாங்கிப் பத்து நாளில் முடித்தேன். அதன் முதல் கால் மணி நேரத்திலேயே நாயகனின் சிறு மகள் அவன் கையிலேயே இறந்துபோகிறாள். அன்று அதை ஒரு கதைக்குத் தேவையான தொடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். எவ்வளவு சிக்கனமாகச் சொல்லிவிட்டார்கள் என்று வியந்து தோழியிடம் பேசியதும் நினைவிருக்கிறது. பத்தாண்டு கழித்து, கணினிக்கு வந்த புதிய பதிப்பை வாங்கித் தொடங்கினேன். அந்தப் பெண் பிறந்தநாள் பரிசாகக் கைக்கடிகாரத்தை நீட்டும் காட்சியிலேயே என்னால் உட்கார முடியவில்லை. விளையாட்டை மூடிவிட்டுப் போய், தூங்கும் மகளின் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். பிறகு அதைத் திறக்கவில்லை. விளையாட்டுகளைச் செய்பவர்களுக்கும் இது நேர்கிறது. 2007இல் காட் ஆஃப் வார் இரண்டாம் பாகத்தை இயக்கிய கோரி பார்லாக், 2018இல் அந்தத் தொடரை மறுபடி கையில் எடுத்தபோது தாமே ஒரு தந்தையாகியிருந்தார். கண்ணில் பட்டவரையெல்லாம் வெட்டிச் சாய்த்த அதன் நாயகன் கிரேட்டோஸ், அந்த 2018 விளையாட்டில் மகனின் தோளில் கை வைக்கலாமா வேண்டாமா என்று தயங்கி, நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறான்.

இனி நான் மிகவும் சொல்ல விரும்பும் பகுதிக்கு வருகிறேன். மகள் 2021 ஜூலையில் பிறந்தாள். முதல் ஆறு மாதம் இரவில் இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து பால் கேட்பாள். குடித்து முடித்த பிறகும் கீழே கிடத்தினால் விழித்துக்கொள்வாள். நாற்பது நிமிடமாவது கையிலேயே வைத்திருக்க வேண்டும். என் இடது முழங்கையின் மடிப்பில் அவள் தலை இருக்கும். அந்தக் கையை அசைக்க முடியாது. வலது கையில் மணிக்கட்டுக்குக் கீழே உள்ள பகுதி மட்டும் எனக்குச் சொந்தம். விளக்குப் போட முடியாது, ஒலி வைக்க முடியாது. கண்ணை மூடினால் தூங்கிவிடுவேன், தூங்கினால் பிள்ளை நழுவிவிடும் என்ற பயம் வேறு.

திரையின் வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்கி, கைபேசியைத் தொடையில் சாய்த்து வைத்து, வலது கட்டைவிரல் ஒன்றால் ஸ்லே த ஸ்பயர் விளையாடினேன். அது சீட்டு விளையாட்டு. எதிரி அடுத்து என்ன செய்யப்போகிறான் என்பதை அவன் தலைக்கு மேலேயே எழுதிக் காட்டிவிடும். கையில் உள்ள ஐந்து சீட்டில் எதை இறக்குவது என்று நான் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். என் முறை முடிந்தது என்று நானே அழுத்தும்வரை எதிரி அசையமாட்டான். மகள் தொண்டையைச் செருமினால் விரலை எடுத்துவிட்டு அவள் முதுகைத் தட்டுவேன். பத்து நிமிடம் கழித்துத் திரும்பினால் அவன் ஓங்கிய கத்தியோடு அதே இடத்தில் நிற்பான். பாதியில் மூடிவிட்டாலும் அந்தச் சண்டையின் தொடக்கத்திலிருந்து ஆடிக்கொள்ளலாம்.

இது ஏதோ நேரப்போக்கு என்று சிலர் நினைக்கலாம். பகல் முழுவதும் இன்னொரு உயிரின் அழுகைக்கும் பசிக்கும் உடனுக்குடன் ஓடிக்கொண்டிருந்த எனக்கு, என் பதிலுக்காக ஓர் உலகமே பொறுமையாகக் காத்திருந்த இடம் அது ஒன்றுதான். உடம்பு முழுதும் கட்டுப்பட்டிருந்த மாதங்களில், யோசித்து முடிவெடுக்கும் பெண் ஒருத்தி எனக்குள் இன்னமும் இருக்கிறாள் என்பதை அந்தச் சீட்டுகள் எனக்குக் காட்டிக்கொண்டே இருந்தன. கல்லூரி நாட்களில் யாராவது இதைக் காட்டியிருந்தால், அவரவர் முறைக்குக் காத்திருந்து ஆடுவதெல்லாம் மந்தமான வேலை என்று சொல்லி ஒதுக்கியிருப்பேன்.

மகள் நடக்கத் தொடங்கிய பிறகு சில நாள் வேகமான விளையாட்டுகளுக்கும் திரும்பினேன். வாம்பயர் சர்வைவர்ஸ் பெரும்பாலும் 30 நிமிடத்தில் முடிந்துவிடும், ஒரே விரல் போதும். நண்பகல் தூக்கத்துக்குச் சரியாக இருந்தது.

சென்ற ஆண்டு அப்பாவின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. அவரைச் சென்னைக்கு அழைத்து வந்துவிட்டோம். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம். சனிக்கிழமை என் முறை. அந்த நான்கு மணி நேரம் நான் அதுவரை அறியாத ஒரு வகை நேரம். நீளமானது, எழுந்து போக முடியாதது, எப்போது வேண்டுமானாலும் இயந்திரத்தின் ஒலி குறுக்கிடக்கூடியது. டயாலிசிஸ் ஊசிக்காக ஃபிஸ்டுலா என்ற இரத்தக்குழாய் இணைப்புப் போட்ட இடது கையை அப்பா அசைக்கக் கூடாது. செய்தித்தாளை ஒரு கையால் மடிக்க முடியாமல் அவர் தடுமாறியதைப் பார்த்தபோது எனக்கு என்னுடைய அந்த ஆறு மாதம்தான் நினைவுக்கு வந்தது.

கையடக்க விளையாட்டுக் கருவியான நின்டெண்டோ ஸ்விட்சை அந்த நிறுவனம் இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. சிங்கப்பூரிலிருந்து வந்த தோழி ஒருத்தி வாங்கி வந்து தந்தது என்னிடம் இருந்தது. அதில் ஸ்டார்டியூ வேலியைப் புதிதாகத் தொடங்கினேன். எரிக் பரோன் என்பவர் நான்கரை ஆண்டு தனி ஆளாக உழைத்து 2016இல் வெளியிட்ட விவசாய விளையாட்டு அது. அதன் ஒரு நாள் நம் கடிகாரத்தில் ஏறக்குறைய 14 நிமிடம். 28 நாள் ஒரு பருவம், நான்கு பருவம் ஓர் ஆண்டு. பையைத் திறந்தால் பொழுது நின்றுவிடும். அதற்கு முன்பு இருமுறை வாங்கிய சூட்டில் தொடங்கி, சலிப்பில் விட்டுவிட்ட விளையாட்டுதான் அது.

இரண்டாவது சனிக்கிழமை, தூங்குகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அப்பா, "மழை பெய்கிறதே, இன்றைக்கு ஏன் தண்ணீர் ஊற்றுகிறாய்?" என்று கேட்டார். நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னது சரி. மழை நாளில் அந்தப் பயிர்களுக்குத் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. விதை என்ன விலை, எத்தனை நாள் பயிர், சந்தையில் என்ன போகும் என்று வரிசையாகக் கேட்டார். காலிஃபிளவர் 80க்கு வாங்கி 175க்கு விற்கலாம், ஆனால் 12 நாள் ஆகும் என்றேன். முள்ளங்கி மாதிரி ஒரு கிழங்கு 20க்கு வாங்கி 35க்கு விற்கலாம், நான்கே நாள். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "மாதம் 28 நாள்தானே? 24ஆம் தேதிக்குப் பிறகு அந்தக் கிழங்கைக்கூடப் போடாதே, பருவம் மாறினால் எல்லாம் பட்டுப்போகும். ஆடிப்பட்டம் தேடி விதை என்று சும்மாவா சொன்னார்கள்?" என்றார். பருவம் மாறும் நாளில் பயிர்கள் பட்டுப்போவதை நான் முந்தைய இரண்டு முறையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அதன் பிறகு பண்ணை அவருடையதாகிவிட்டது. நான் கை மட்டும். கோடையில் ஒருமுறை நட்டால் திரும்பத் திரும்பக் காய்க்கும் ஒரு பழச்செடி இருக்கிறது என்றதும், கத்தரிக்காய் மாதிரியா என்று கேட்டு, பாதி நிலத்தை அதற்கு ஒதுக்கச் சொன்னார். அவருக்கு ஒரு நாளைக்கு 750 மில்லி தண்ணீர்தான் அளவு. அம்மா சொம்பில் கோடு போட்டு வைத்திருக்கிறாள். அந்தச் சனிக்கிழமைகளில் அவர் என்னிடம் அடிக்கடி சொன்னது, "ஓரத்துச் செடிக்கும் நன்றாக ஊற்று" என்பதுதான்.

ஒரு நாள், "இதில் நெல் உண்டா?" என்றார். உண்டு, ஆனால் கடையில் இரண்டாம் ஆண்டில்தான் விற்பார்கள் என்றேன். ஓர் ஆண்டு என்றால் 112 நாள். கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவங்களையும் பார்த்து வளர்ந்த மனிதர் அதற்குச் சம்மதித்தார். சனிக்கிழமைக்கு ஏழெட்டு நாள் என்று நகர்த்தி, ஏறக்குறைய நான்கு மாதம் எடுத்துக்கொண்டோம். வேகமாக முடிக்க வீட்டில் உட்கார்ந்து ஆடியிருக்கலாம்; ஆனால் அவர் இல்லாமல் அந்தப் பண்ணையைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. அண்ணன் அந்த அருவிப் பாறையில் நின்ற நிமிடம் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது.

சென்ற மாதம் எங்கள் இரண்டாம் ஆண்டு வசந்தம் பிறந்தது. கடையில் வாங்கியதன் பெயரை மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"விதை இல்லையா? நாற்றாகவே தருகிறானா?"

"நாற்றுதான், அப்பா. குளத்துக்குப் பக்கத்தில் நட்டால் 8 நாள் பயிர் 6 நாளில் விளையும். தண்ணீர் ஊற்றவும் வேண்டாம்."

"செய்தவனுக்கு விவரம் தெரிந்திருக்கிறது" என்றார். வழக்கமாக மூன்றாவது மணி நேரத்தில் அசந்துவிடுபவர், அன்று அறுவடை வரை கண்ணை மூடவில்லை. நெல்லைக் கையால் பிடுங்க முடியாது, அரிவாளை எடுக்க வேண்டும் என்பதைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார். அறுத்ததை அரைக்க மில் உண்டா என்று கேட்டார். கட்டிக்கொள்ளலாம், 2,500 காசோடு 50 கல்லும் 150 மரமும் 4 துணியும் வேண்டும் என்றேன். துணிக்கு ஆடு வளர்த்துக் கம்பளி எடுக்க வேண்டும், அதற்கு நாளாகும்; அதுவரை சும்மா இருக்க வேண்டாம், அடுத்த சனிக்கிழமை மரத்தை முதலில் வெட்டி அடுக்கிவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்.